உள்கூரையில் உள்ளங்கை

மாலை ஏழு மணிக்கு, விளக்கு வைத்தாகி, கடற்காற்றும் வீசி, தெருவில் உள்ளவர்களெல்லாம் சற்றே ஆசுவாசப்படுகிற வேளையில், ஒரு வீட்டின் மேல்மாடி அறைக்குள் நுழைந்து, உயரமான ஸ்டூல் ஒன்றின்மேல் ஏறி நின்று, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அந்த வீட்டைக் கட்டியவன் கெட்டிக்காரனா, சோம்பேறியா, அல்லது செலவைக் குறைக்கச் சொன்ன சொந்தக்காரருக்குத் தலையாட்டிய கோழையா என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். சென்னையிலும் அதன் புறநகர்களிலும் நாற்பத்தைந்து வருஷகாலம் வீடு கட்டிக் கொடுத்த எனக்கு இந்தப் பரீட்சையைக் கற்றுக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மேஸ்திரி. அதில் நான் தோற்றுப்போன வீடு ஒன்று உண்டு. அது நானே கட்டிய வீடு.

1969-ஆம் ஆண்டு சிவில் டிப்ளமா முடித்த கையோடு ஒரு கான்டிராக்டரிடம் ஓவர்சியராகச் சேர்ந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடித் தளத்தைப் பிரித்துப் புதுப்பிப்பது. மெட்ராஸ் டெரஸ் என்று அக்காலத்தில் எல்லோரும் அறிந்திருந்த தளம் அது. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் சிறிய தளச்செங்கற்களை மூலைவாட்டமாகச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டவைத்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நாலு அங்குல கனத்துக்குப் பரப்பி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதித்துவிட்டால், சென்ட்ரிங் பலகையோ இரும்புக் கம்பியோ இல்லாமல் மூன்று தலைமுறைக்கு நிற்கிற கூரை ஒன்று உருவாகிவிடும். ஜல்லிக் கலவையைப் பரப்பிய பிறகு சித்தாள் பெண்கள் இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்காகத் தட்டுவார்கள். கட்டை கலவையில் அழுந்தாமல் துள்ளித் திரும்பும்வரை தட்டல் ஓயாது. கைக்குக் கை தாளம் தவறாமலிருக்க அவர்கள் பாடிய பாட்டைக் கேட்கத் தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பிரயாசையும் மழை ஒழுகாமல் இருப்பதற்காகத்தான் என்று பாடப்புத்தகம் படித்திருந்த நான் சொன்னபோது, மேஸ்திரி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "மழை வருஷத்துல ரெண்டு மாசம் தம்பி. மத்த மாசத்து வெயிலுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அன்று மாலையே என்னைக் கீழறைக்கு அழைத்துப்போய், இன்னும் பிரிக்காத பாதித் தளத்தின் அடியில் ஏணியைச் சாத்தி, மேலே ஏறிக் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைகாசி மாதத்து வெயில் நாள் முழுதும் காய்ந்த தளத்தின் அடிப்பாகம், பிற்பகலில் குடித்து வைத்த காபி தம்ளரின் சூட்டில்கூட இல்லை.

பிறகு கான்கிரீட் காலம் வந்தது. பொதுப்பணித் துறையின் விதிப்படி கான்கிரீட் தளத்தின் மேலும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போட்டே ஆகவேண்டும். முப்பத்திரண்டு பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரை பங்கு சுண்ணாம்பு என்ற கணக்கு எங்கள் தலைமுறை ஓவர்சியர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். சிமெண்ட் ஒரு பிடிகூடச் சேரக் கூடாது. சிமெண்ட் சேர்ந்தால் தளம் கெட்டிப்பட்டு வெடிக்கும், வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். ஆனால் சுண்ணாம்பை நீற்ற நாளாகும், ஜல்லியைத் தட்டக் கூலியாகும், தட்டுகிற பெண்களோ வேறு வேலைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே எண்பதுகளில் எங்கள் தொழிலில் ஒரு சௌகரியமான பழக்கம் பரவிற்று. நீர் இறங்காத பொடியைக் கலந்து ஓரங்குல கனத்துக்குச் சிமெண்ட் பூச்சை இழுத்துவிட்டு, தூம்பை நோக்கி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டி, சாவியை ஒப்படைத்துவிடுவது.

1987-ல் தென்புறநகர் ஒன்றில், பாங்கியில் வேலை பார்த்த ஒருவருக்கு நான் கட்டிக்கொடுத்த வீட்டில் செய்ததும் இதுவே. ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வந்து சேரவில்லை. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். "ஒழுகாதில்லையா?" என்று அவர் கேட்டார். "ஒரு சொட்டு ஒழுகாது" என்று நான் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் இன்றுவரை பொய்க்கவில்லை என்பதுதான் விசேஷம். முப்பது வருஷத்தில் அந்தத் தளம் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. உஷ்ணத்தை மட்டும் தாராளமாக ஒழுகவிட்டது.

இதன் காரணத்தைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெயிலுக்குச் சுவரைக் குற்றம் சொல்வது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. பூமத்திய ரேகைக்கு வடக்கே பதின்மூன்று பாகையில் இருக்கிற சென்னையில், சூரியன் ஏப்ரல் கடைசியில் ஒருமுறையும் ஆகஸ்ட் நடுவில் ஒருமுறையும் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அதிக தூரம் விலகிப்போவதில்லை. ஆகவே கோடை நடுப்பகலில் தெற்குச் சுவரும் வடக்குச் சுவரும் ஏறத்தாழ தப்பித்துக்கொள்ள, முழு அடியையும் தலைமேல் வாங்குவது தளந்தான். நிர்மலமான வானத்தில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட் வீதம் கொட்டுகிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் அதன் கூரையின்மேல் விழுவது ஏறக்குறைய பதின்மூன்று கிலோவாட். அத்தனையும் உள்ளே வந்துவிடுவதில்லை. ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகிறது, ஒரு பகுதியை வானம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தைக் கான்கிரீட் குடித்துவைத்துக்கொண்டு, நாலைந்து மணி நேரம் தாமதித்து, வீட்டார் அலுவலகத்திலிருந்து திரும்பி விசிறியைப் போட்டு உட்காருகிற நேரம் பார்த்துக் கீழே விடத் தொடங்குகிறது. அந்தக் காலத்துக் குடும்பங்கள் சூரியன் சாய்ந்ததும் மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, பாயை விரித்து அங்கேயே படுத்துக்கொண்டதற்கு நிலா மட்டும் காரணமல்ல. கீழே படுக்க முடியாது என்பதும் ஒரு காரணம். கொசு வந்து அந்த உபாயத்தையும் கெடுத்தது.

2016-ஆம் வருஷம் சித்திரையில் பாங்கிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கு எண்பது வயதாகியிருந்தது. மேல்மாடி அறையில் மகனும் மருமகளும் கைக்குழந்தையுமாக இருக்கிறார்கள், குழந்தை இரவெல்லாம் அழுகிறது, ஒன்றரை டன் ஏசி இருந்தும் போதவில்லை, மெக்கானிக் இரண்டு டன் போடச் சொல்கிறான், சுவரை உடைக்கவேண்டுமாம், கொஞ்சம் வந்து பார்த்துவிட்டுப் போகமுடியுமா என்றார். நான் போனபோது மணி ஏழு. அவருடைய மனைவி, "வாங்கோ ஓவர்சியர் ஸார், நீங்க கட்டின வீட்டுல அடுப்பு சமையலறையில இல்லை, மாடியிலதான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கையை வைத்தேன். தோசைக்கல் என்று சொன்னால் மிகை. ஆனால் இஸ்திரி போட்டு மடித்துவைத்த வேட்டியை உடனே தொட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. கையை எடுத்தபிறகும் வெட்கத்தினாலோ என்னவோ சூடு உள்ளங்கையிலேயே நின்றது.

மெக்கானிக்கும் அங்கே இருந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல வேலைக்காரர். "ரெண்டு டன் போட்டாத்தான் ஸார் இழுக்கும்" என்றார். டன் என்றால் என்ன என்று அவரைக் கேட்டேன். பெட்டியின் அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்; நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். உண்மையில் அது பனிக்கட்டிக் கணக்கு. இரண்டாயிரம் ராத்தல் கொண்ட ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ அவ்வளவு உஷ்ணத்தை அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளுகிற சக்திதான் ஒரு டன். இன்றைய அளவில் சுமார் மூன்றரை கிலோவாட். இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெரினாவுக்கு எதிரே நிற்கும் ஐஸ் ஹவுஸ் நினைவு வரும். விவேகானந்தர் 1897-ல் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லமாகிவிட்ட அந்தக் கட்டடம், பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடரின் கம்பெனி 1842-ல் பனிக்கட்டி சேமிப்பதற்காகக் கட்டியது. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1833-ல், அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கப்பலில் ஏற்றிய நூற்றெண்பது டன்னில் ஏறக்குறைய நூறு டன், நாலு மாதக் கடற்பிரயாணத்துக்குப் பிறகும் கட்டியாகவே போய்ச் சேர்ந்தது. பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டிய கப்பலில் குளிர்சாதன இயந்திரம் எதுவும் கிடையாது. சுற்றிலும் இறுகப் பொதிந்த மரத்தூள் போன்ற பொருள்களே அவ்வளவையும் காப்பாற்றின.

"அப்ப இந்த ரூமுக்கு மரத்தூள் எங்க ஸார் போடறது?" என்றார் மெக்கானிக். கேலியாகக் கேட்டாரோ என்னவோ, கேள்வி சரியான கேள்வி.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். தளமும் சுவரும் சேருகிற இடத்தில், நாலு பக்கமும் ஒரே நேர்க்கோடாக மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. தளம் பகலில் நீண்டு இரவில் சுருங்குவதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. ஜன்னல்களுக்கு மேலே, 1987-ல் காற்றோட்டத்துக்காக நானே வைத்த வென்டிலேட்டர்கள், சிமெண்ட் ஜாலியுடன் திறந்தபடியே இருந்தன. ஏசி போட்டவர்கள் ஜன்னலைச் சாத்தினார்களே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவுக்கடியில் ஒரு விரல் நுழையும் சந்து. வெளியே, இயந்திரத்தின் வெளிப்பெட்டியைத் திருடனுக்குப் பயந்து இரும்புக் கூண்டுக்குள் வைத்து, வெயிலுக்குப் பயந்து கூண்டின்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அது வெளியே தள்ளுகிற அனல் தார்ப்பாயில் முட்டித் திரும்ப, தான் விட்ட மூச்சையே தானே இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை டன் யந்திரம் இத்தனை காலம் உயிரோடு இருந்ததே ஆச்சரியம்.

தளத்துக்கு என்ன செய்வது என்பதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. 2004 வாக்கில் வேறொரு வீட்டில், வீட்டுக்காரர் விருப்பப்படி, உள்கூரைக்குக் கீழே தெர்மோகோல் பலகையும் ஜிப்சம் பலகையுமாகப் பொய்க்கூரை ஒன்று கட்டிக்கொடுத்தேன். முதல் கோடையில் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் வருஷம் பொய்க்கூரைக்கு மேலே எலி குடித்தனம் நடத்திற்று. மூன்றாம் வருஷம் கைப்பிடிச் சுவரில் பிளவு கண்டு, மழைநீர் இறங்கி, பொய்க்கூரை ஒளித்துவைத்துக்கொண்டதால் யாருக்கும் தெரியாமலே கம்பி துருப்பிடித்துவிட்டது. உள்ளே காப்புக் கொடுத்தால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான். தளம் வெளியே நின்று முழு வெயிலையும் வாங்கிச் சாகிறது. இந்தச் சமாசாரம் மேஸ்திரிக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவர் உயிரோடிருந்த கடைசிக் காலத்தில் நான் போய்ச் சொன்னபோது, "குடையைத் தலைக்கு மேல பிடிப்பாங்களா, சட்டைக்குள்ள விட்டுப்பாங்களா தம்பி?" என்று கேட்டு, மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் திண்ணையில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகவே மேலே போடுவது என்று தீர்மானமாயிற்று. எதைப் போடுவது? மனசு ஜல்லிச் சுண்ணாம்பையே நாடிற்று; கணக்கு அதற்கு ஒப்பவில்லை. காற்றுக் குமிழிகளைத் தனக்குள் அடைத்துவைத்திருக்கிற கெட்டி நுரைப்பலகை, எக்ஸ்பிஎஸ் என்று கடைக்காரர்கள் சொல்வது, கான்கிரீட்டைவிட நாற்பது மடங்குக்கு மேல் உஷ்ணத்தைத் தடுக்கக்கூடியது. அதில் இரண்டங்குலம் செய்கிற வேலையை நாலங்குல ஜல்லிச் சுண்ணாம்பு செய்யாது. பின்னாளில், 2018 டிசம்பரில், குடியிருப்புகளுக்காக எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதையில், உள்ளுக்கும் புறத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கையில் கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்குமேல் உஷ்ணம் போகக்கூடாது என்று எல்லை கட்டினார்கள். வெறும் கான்கிரீட் தளத்தில் அது மூன்றுக்கு மேல். பழைய சுண்ணாம்புத் தளத்தை மட்டும் நம்பினாலும் அந்த எல்லைக்குள் வரமுடியாது. மெட்ராஸ் டெரஸை நான் கொண்டாடுவதில் குறைவில்லை. ஆனால் அந்த வீடுகளின் குளிர்ச்சியில் பாதிப் புகழ் பதினாலடி உயரத்துக்கும், முற்றத்துக்கும், கெட்டிச் சுவருக்கும் போகவேண்டியது. பத்தடி உயரப் பெட்டியின்மேல் பாட்டன் காலத்துத் தளத்தைப் போட்டுவிட்டுப் பாட்டன் வீட்டுச் சுகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பழைய பூச்சின் வெடிப்புகளை அடைத்து, நீர் இறங்காத பூச்சு இரண்டு கை கொடுத்து, நுரைப்பலகைகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கி, மேலே கோழிவலை விரித்துக் கலவை இழுத்து, வாட்டம் பார்த்து, வெள்ளை ஓடு பதித்தோம். வெள்ளைக்கு உள்ள மகிமை தனி. விழுகிற வெயிலில் பெரும்பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவதால், உள்ளே வராத உஷ்ணத்தைத் தடுக்க வேண்டிய சிரமமே இல்லாமற்போகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற நம் வழக்கம் சரியாகக் கோடைக்கு முன்னால் வருவதை யார் யோசித்துச் செய்தார்களோ தெரியாது. மொட்டைமாடியையும் அதில் சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! வெள்ளை ஓட்டிலும் ஒரு சங்கடம் உண்டு: மழைக்காலத்துப் பாசியும் தெருப் புழுதியும் ஏறினால் அது வெள்ளையாக இராது. வருஷம் இரண்டு தடவை தேய்த்துக் கழுவவேண்டும் என்று பெரியவரிடம் சொன்னபோது, மருமகள், "அது நான் பாத்துக்கறேன் அங்கிள்" என்றாள்.

வென்டிலேட்டர்களுக்குத் திறந்துமூடும் கண்ணாடி போட்டோம், கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம், தார்ப்பாயை எடுத்தெறிந்தோம். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே தொங்கிய கனமான திரைச்சீலையைப் பற்றிப் பெரியவருக்கும் எனக்கும் சிறு விவாதம் நடந்தது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை தடுப்பது, வீட்டுக்குள் வந்த விருந்தாளியைக் கூடத்தில் உட்காரவைப்பது மாதிரிதான். ஆள் உள்ளே வந்தாயிற்று. வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். வெட்டிவேர்த் தட்டி கட்டலாமே என்றார் பெரியவர். கடற்கரைக் காற்றில் ஏற்கனவே ஈரம் மிகுதியாதலால், மதுரையிலோ வேலூரிலோ அது கொடுக்கிற குளிர்ச்சியைச் சென்னையில் கொடுக்காது என்று சொன்னேன். வாசனைக்காகவாவது ஒன்று இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மாலை அவர்களே கூப்பிட்டார்கள். ஸ்டூலும் தயாராக இருந்தது. கையை வைத்தேன், பக்கத்துச் சுவருக்கும் உள்கூரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு நடுராத்திரியில் போர்வை தேடுகிற பழக்கத்தை விட்டு, இருபத்தாறில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டிருந்தார்கள். ஒரு டிகிரி ஏற்றினால் மின்சாரத்தில் சுமார் ஆறு சதவிகிதம் மிச்சம் என்பது பணியகத்தின் கணக்கு. 2020 முதல் புது யந்திரங்களெல்லாம் போட்டவுடன் இருபத்துநாலில் நிற்கவேண்டும் என்று விதியும் செய்துவிட்டார்கள். பெரியவருக்கு இந்தச் சதவிகிதங்களில் சிரத்தை இல்லை. மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடும்; கோடையில் முதல் தடவையாக அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றுவிட்டதை, பாங்கியில் பேரேடு பார்த்த அதே கம்பீரத்தோடு, அட்டையை விரித்து என்னிடம் காட்டினார்.

மெக்கானிக் அன்று ஏசியைச் சுத்தம் செய்ய வந்திருந்தார். நான் இறங்கியபின் அவரும் ஸ்டூலில் ஏறிக் கை வைத்துப் பார்த்தார். "இதுக்கு ஒரு டன்னே போதும் ஸார்" என்று சொல்லிவிட்டு, தனக்கு வரவேண்டிய கமிஷனை நினைத்தோ என்னவோ சிரித்தார். வாசல்வரை என்னோடு வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கி நின்றார்.

"எங்க வீடு சிமெண்ட் ஷீட்டு ஸார். வாடகை வீடு. மத்தியானம் உள்ள இருக்க முடியாது. பசங்க ரெண்டும் வேப்பமரத்தடியிலதான் கிடக்குதுங்க. அதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமா?"

நாள்தோறும் பத்து வீட்டைக் குளிரவைத்துவிட்டு அந்த மனிதர் திரும்பிப்போகிற கூரையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நுரைப்பலகையும் வெள்ளை ஓடும் அவருடைய ஷீட்டுக்கு ஆகாது. சொந்த வீடும் அல்ல. ஷீட்டின்மேல் வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பு பத்துக் கிலோ வாங்கி இரண்டு நாள் ஊறப்போடச் சொன்னேன்; பசையும் கொஞ்சம் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கரைந்துவிடும். ஷீட்டுக்கடியில் ஒரு சாண் இடம் விட்டு மூங்கில் பாய் கட்டி, இரண்டு முனையிலும் காற்றுப் போகத் திறந்துவைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் போய்விட்டேன். நேராகக் கால் வைத்தால் ஷீட்டு உடையும் என்பதால் இரண்டு பலகைகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அவர் ஒரு கையில் வாளியும் மறுகையில் மட்டையுமாக மேலே ஏறினார். மூத்த பையன் சுண்ணாம்பைக் கலக்கிக் கலக்கிக் கொடுத்தான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.